வெயில் கண்ணில் பட்ட கீரி

ஆனைமிதிக் குளத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் இருக்கும். கோடையில் டென்னிஸ் இருக்கும்.

குளம் வற்றியதும் அடிமண் காய்ந்து பாறைபோல் இறுகிவிடும். கீழ்க்கரை விலங்குகளும் மேல்கரை விலங்குகளும் சேர்ந்து அதில் கோடு கிழிக்கும். நடுவில் சீந்தில் கொடியில் பின்னிய வலையைக் கட்டும். ஆலம்பாலைத் திரட்டி, உருட்டி, காயவைத்தால் பந்து. அடிக்கப் பனைமட்டை. விலங்குகள் மட்டையை எப்படிப் பிடிக்கும் என்று கேட்கக் கூடாது. பிடிக்கும்.

நடுவர் கொக்கு. வலை கட்டிய கம்பத்தின் மேல் ஒற்றைக் காலில் நிற்கும். ஆட்டம் நீண்டால் காலை மாற்றிக்கொள்ளும். பந்து கோட்டுக்கு வெளியே என்று அது சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காக இல்லை. குளத்தின் மூலையில் ஒரு பள்ளம் உண்டு. எந்தக் கோடையிலும் அதில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை கரைக்கு ஒருவராக இருவர் ஆடுவார்கள். ஜெயித்த கரை அந்தக் கோடை முழுவதும் முதலில் தண்ணீர் குடிக்கும். தோற்ற கரை அடுத்துக் குடிக்கும். மேல்கரையில் காட்டுப்பன்றிகள் அதிகம். அவை குடிப்பதோடு நிறுத்தாது, குளிக்கவும் செய்யும். அதற்குப் பிறகு கீழ்க்கரைக்கு மிஞ்சுவதைத் தண்ணீர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

கீழ்க்கரைக்காகப் பல கோடைகள் ஆடியது கீரி. அதன் ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். பந்தைப் போடும், வலைக்கு ஓடும், எம்பிக் குதித்து ஒரே அடியில் முடித்துவிடும். எதிராளி மட்டையைத் தூக்குவதற்குள் புள்ளி போய்விடும். கீழ்க்கரை கைதட்டும், பிறகு தெளிந்த தண்ணீர் குடிக்கும். கீரி நடந்து போனால் முயல்கள் வழிவிட்டு நிற்கும். கீரியும் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும்.

போன கோடையில் மேல்கரை ஒரு புது ஆளை இறக்கியது. அது நரி. கீரி தோற்றுப்போனது.

"என்னண்ணே ஆச்சு?" என்று கீழ்க்கரையே ஓடிவந்து கேட்டது.

"வெயில் கண்ணுல பட்டுடுச்சு" என்றது கீரி.

அன்று முழுக்க மேகமூட்டம். ஆனால் பல வருடம் ஜெயித்துக் கொடுத்தவரிடம் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கலங்கல் குடித்தார்கள். கீரியின் கடைக்குட்டி அந்தக் கோடையில் வயிற்றுக்கடுப்பு வந்து பிழைத்ததே பெரிய காரியம்.

அடுத்த கோடை வருவதற்குள் கீரிக்கு மூட்டு வீங்கிவிட்டது. இனி ஆட முடியாது என்று ஆனது. கீழ்க்கரை கூட்டம் போட்டது. முயலுக்குக் கூட்டத்தைக் கண்டால் பயம். மானின் கொம்பு வலையில் மாட்டிக்கொள்ளும். முள்ளம்பன்றிமேல் பந்து பட்டால் திரும்பி வராது. கூட்டத்துக்கு எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தது உடும்பு. அதற்குள் அதைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள்.

"நான் மெதுவா நடக்கிற ஆளாச்சே" என்றது உடும்பு.

"கவலைப்படாத தம்பி. உன்னை நான் கீரியாவே மாத்திடறேன்" என்றது கீரி.

இப்படித்தான் கீரி பயிற்சியாளர் ஆனது.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. "பந்தைப் போட்டதும் ஓடணும். வலைகிட்ட வந்ததும் குதிக்கணும். ஒரே அடி. அதோட முடிச்சிடணும்" என்றது கீரி. உடும்பு ஓடியது. அது வலைக்கு வந்து சேர்வதற்குள் பந்து அதன் தலைக்கு மேலே போய் விழுந்துவிட்டது. குதித்தது. உடும்பு குதித்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பயிற்சி முடிந்ததும் தினமும் ஒரு செட் ஆடுவார்கள். தினமும் கீரிதான் ஜெயிக்கும். வீங்கிய காலோடு அதனால் கொஞ்ச நேரம்தான் ஓட முடியும். ஆனால் அதன் ஆட்டமே கொஞ்ச நேரம்தானே. கரையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். "அண்ணன் இன்னும் அப்படியே இருக்காரு" என்பார்கள். கீரிக்கு மூட்டுவலி மறந்துபோகும்.

வளைக்குத் திரும்பினால் கடைக்குட்டி வாசலிலேயே நிற்கும்.

"இன்னைக்கு யாருப்பா ஜெயிச்சது?"

"அப்பாதான்."

குட்டிக்கு ஒரே சந்தோஷம். கீரிக்கும்தான். ஆட்ட நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. கீரி ஜெயித்துக்கொண்டே இருந்தது. உடும்பு நாளுக்கு நாள் மோசமாக ஆடியது.

ஒருநாள் கீரியின் மனைவி, வளையைப் பெருக்கிக்கொண்டே, "ஏங்க, போட்டியில ஆடப்போறது யாரு?" என்று கேட்டது.

"உடும்புதான். ஏன் கேக்குற?"

"இல்ல, நீங்க தினமும் ஜெயிச்சா நமக்குத் தண்ணி எப்படி வரும்னு யோசிச்சேன்."

சொல்லிவிட்டு அது மறுபடி பெருக்கப் போய்விட்டது.  கீரி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் கீரி ஒரு முடிவோடு வந்தது. இரண்டு பந்தை வலையில் அடித்தது. ஒன்றை வேண்டுமென்றே தவறவிட்டது. "அடடா, நல்லா அடிச்சே தம்பி" என்றது.

உடும்பு மட்டையைக் கீழே வைத்தது.

"அண்ணே, எனக்குக் கால்தான் மெதுவு. கண்ணு நல்லாத்தான் தெரியுது."

கீரி தலை குனிந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க எல்லாரையும் எப்படி ஜெயிச்சீங்கன்னு இத்தனை நாளா சொல்லிட்டீங்க. நரி உங்களை எப்படி ஜெயிச்சுது?"

"அது வந்து, வெயில்" என்று தொடங்கியது கீரி.

உடும்பு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. உடும்பின் பிடியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அது பார்ப்பதும் ஏறக்குறைய அப்படித்தான். கீரி சுற்றிலும் பார்த்தது. கரையில் யாரும் இல்லை. கடைக்குட்டி கலங்கல் குடித்துச் சுருண்டு கிடந்தது கீரியின் நினைவுக்கு வந்தது. அதற்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"வெயில் இல்ல தம்பி" என்றது கடைசியில். "நரி ஒண்ணுமே பண்ணல. அதுக்குப் பெரிய அடி எதுவும் கிடையாது. பின்னாடி போய் நின்னுக்கிட்டு, எது வந்தாலும் உயரமாத் திருப்பி அனுப்பும். முடிக்கலாம்னு நானும் ஓடி ஓடி அடிச்சேன். மறுபடி திரும்பி வரும். தப்பா அடிச்சுட்டா, 'ஆகா, அருமை'ன்னு வேற சொல்லும். எனக்குப் பொறுக்கல. கண்ணை மூடிக்கிட்டு அடிச்சேன், எல்லாம் வெளியே போச்சு. நரி என்னை ஜெயிக்கல. நான் பொறுமை இல்லாம நானே தோத்துட்டேன்."

உடும்பு மட்டையை மறுபடி எடுத்தது. "அப்போ நான் ஓட வேண்டியதில்லயா?"

"வேண்டியதில்ல."

"குதிக்கவும்?"

"அதை விட்டுடு தம்பி. நான் சொன்னதையே மறந்துடு."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றது உடும்பு. கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே கீரிக்கு அதிகமாக வலித்தது.

அன்றிலிருந்து கீரி நரி மாதிரி ஆடியது. பின்னால் நின்று எல்லாப் பந்தையும் உயரமாகத் தூக்கிப் போட்டது. உடும்பு ஒன்றைத் தவறவிட்டால், "ஆகா, அருமை" என்று நரியின் குரலிலேயே சொன்னது. முதலில் உடும்புக்கும் எரிச்சல் வந்தது. பிறகு பழகிவிட்டது. பந்து வரும், திருப்பி அனுப்பும். மறுபடி வரும், மறுபடி அனுப்பும். பொறுமை உடும்புக்குப் புதிது இல்லை. எலி வெளியே வரும்வரை வளை வாசலிலேயே பொழுதைக் கழிக்கும் பிராணி அது. பொறுக்க முடியாமல் பந்தை வெளியே அடித்ததெல்லாம் கீரிதான். இப்போது அது உண்மையாகவே தோற்றது. பார்க்க வருவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள், கரையில் கைதட்டுவது நின்றுபோனது.

"இன்னைக்கு யாருப்பா ஜெயிச்சது?" என்று கடைக்குட்டி கேட்கும்.

"பயிற்சிதானே, எண்ணல" என்று சொல்லிவிட்டுக் கீரி படுக்கப் போய்விடும்.

போட்டி நாள் வந்தது. இரண்டு கரையும் நிரம்பி வழிந்தது. உடும்பு ஓடி ஓடிக் குதிக்கிறது, தினமும் தோற்கிறது என்று பழைய செய்தியை ஒரு காகம் மேல்கரையில் சொல்லியிருந்தது. நரி சிரித்துக்கொண்டே இறங்கியது.

காலையில் உடும்புக்கு உடம்பு சூடேறவில்லை. முதல் செட் நரிக்குப் போனது. கீழ்க்கரை பதறிப்போனது.

"தம்பி, ஓடு! வலைக்கு ஓடு!"

உடும்பு ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்று பந்தைத் திருப்பி அனுப்பியது. முயல் கீரியிடம் வந்தது. "என்னண்ணே, ஒரு மாதிரி ஆடுது? நீங்களா இப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?"

"ஆமா, நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

"நீங்க இப்படி ஆட மாட்டீங்களே."

"நான் நரிகிட்டத் தோத்தவன்" என்றது கீரி. அதைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது. 

நரி அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. "என்ன கீரியாரே, இன்னைக்கும் வெயில் கண்ணுல படுதா?"

"நல்லாவே படுது. உடும்புக்கு அதுதான் வேணும்" என்றது கீரி.

வெயில் ஏறியது. உடும்புக்கு உடம்பு சூடானது. நரி பந்தை உயரமாக அனுப்பியது. உடும்பும் உயரமாக அனுப்பியது. நரி அனுப்பியது. உடும்பு அனுப்பியது. கொக்கு காலை மாற்றிக்கொண்டது. உடும்பு ஒன்றைத் தவறவிட்டபோது, "ஆகா, அருமை" என்றது நரி. "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு உடும்பு தன் இடத்துக்கு வந்து நின்றது.  அதுவரை நரிக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

இரண்டாவது செட் உடும்புக்கு வந்தது. மூன்றாவது செட்டில் பார்த்துக்கொண்டிருந்த காட்டுப்பன்றிகளில் பாதி தூங்கிவிட்டன. கீரியின் கால் மட்டும் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அடி, ஓடு, முடி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தன் வாலையே எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டது.

எதிராளியின் பொறுமை தீர்வதுதான் நரியின் ஆட்டம். இன்று அது தீரவே இல்லை. நரிக்கு வேறு ஆட்டம் தெரியாது. கடைசிப் புள்ளியில் பந்து போய்ப் போய் வந்தது. கொக்கு மறுபடி காலை மாற்றியது. நரிக்குப் பொறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வலைக்கு ஓடியது. எம்பிக் குதித்துத் தன் பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தது.

"வெளியே" என்றது கொக்கு.

கீழ்க்கரை உடும்பைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடியது. கீரியைத் தூக்க யாருக்கும் நினைவில்லை. அது நொண்டிக்கொண்டே பின்னால் போனது. வரிசையில் கடைசியாகத்தான் இடம் கிடைத்தது. அப்போதும் தண்ணீர் தெளிவாக இருந்தது.

கடைக்குட்டி வயிறு நிறையக் குடித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கேட்டது.

"இன்னைக்கு யாருப்பா ஜெயிச்சது?"

கீரியின் மனைவி திரும்பிப் பார்த்தது. கீரி வாயைத் திறந்தது. பழக்கத்தில் முதலில் வேறு ஏதோ சொல்லப்போய், விழுங்கிக்கொண்டது. பிறகு, "உடும்பு மாமா" என்றது.

தான் ஜெயித்த கதையை மட்டும் சொல்பவரிடம் கைதட்டத்தான் கற்றுக்கொள்ளலாம். தான் எப்படித் தோற்றேன் என்று சொல்பவரிடம்தான் ஆடக் கற்றுக்கொள்ள முடியும்.