இன்றைக்கு இல்லை

“இந்த அம்மா பேச்சைக் கேட்டா, என் பேரன் காதுகுத்துக்குத்தான் கரை சேருவோம்.”

சபாபதி மெதுவாகத்தான் சொன்னார். தட்டில் ஒட்டியிருந்த சோற்றை மணல் போட்டுத் தேய்த்தபடி மனைவி கௌசல்யாவிடம் சொன்னார். தாழம்புதருக்கு அந்தப் பக்கம் தமயந்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

“பேரனா? முதல்ல பொண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும்,” என்றாள் கௌசல்யா.

“அதைத்தான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்க. அப்பன் தீவுல உட்கார்ந்து தட்டுக் கழுவறான். கடலைப் பாரு, எண்ணெய் ஊத்தின மாதிரி கிடக்கு.”

தமயந்தி மிச்சத் துணியைக் காயப்போடாமலே அங்கிருந்து நகர்ந்தாள்.

அவர்கள் ஒரு சிறு குழுவாக, கயாக் படகுகளில், தீவு தீவாகத் துடுப்புப் போட்டு வந்திருந்தார்கள். பகலெல்லாம் கடல். மாலையில் ஏதாவதொரு மணற்கரையில் கூடாரம். வழியெல்லாம் சபாபதி பழைய பாட்டுகளைத் தப்பான ராகத்தில் பாடிக்கொண்டு வந்தார். கௌசல்யாவின் உள்ளங்கைக் கொப்புளங்களுக்குத் தினமும் தமயந்திதான் மருந்து வைத்துக் கட்டினாள். இனி ஒரு கால்வாய் மட்டும் பாக்கி. இரண்டு தீவுகளுக்கு நடுவே அகலமான திறந்த கடல். அதைத் தாண்டினால் ஊரும் கப்பல்துறையும் உள்ள பெரிய தீவு.

குழுவை நடத்துபவள் பெனிட்டா. தமயந்தி அவளிடம் தொழில் கற்கிறாள். குருவுக்கு வயது முப்பத்தொன்று, சிஷ்யைக்கு ஐம்பது. தொலைபேசி நிலையத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த அன்று, தமயந்தி வேடிக்கையாக “குருவே” என்று கூப்பிட்டாள். பெனிட்டா சிரித்துவிட்டு “என்னக்கா” என்றாள். இரண்டு அழைப்பும் அப்படியே நிலைத்துவிட்டன. வேடிக்கை மட்டும் எப்போதோ போய்விட்டது.

“கால்வாயை என்னிக்குத் தாண்டறதுன்னு நீங்கதான் சொல்லணும்,” என்று பெனிட்டா புறப்படும் முன்பே சொல்லியிருந்தாள். “அதைப் பார்த்துட்டுத்தான் அடுத்த குழுவை உங்க கையில கொடுக்கலாமான்னு யோசிப்பேன்.”

தமயந்தி அதற்காகத்தான் மூன்று பருவம் காத்திருந்தாள்.

அன்று விடிந்ததும் கரையில் நின்று பார்த்தாள். தென்மேற்கே அடிவானத்தை ஒட்டி ஒரு கறுத்த கோடு. காற்றே இல்லை. ஆனாலும் பாறைத்திட்டில் பெரிய அலை வந்து வந்து உடைந்துகொண்டிருந்தது. தூரத்தில் எங்கோ பெருங்காற்று கிளம்பியிருக்கலாம். காத்திருக்க அரிசியும் தண்ணீரும் தாராளமாக இருந்தன.

“இன்னிக்கு இல்லை,” என்றாள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. இல்லை என்று சொல்லிவிட்டால் படகுகளை மேட்டுக்கு இழுத்துக் கவிழ்த்துவிடுவார்கள். கவிழ்த்த பிறகு, புறப்படும் பேச்சை அன்று யாரும் எடுக்கக் கூடாது. முதல் ஆளாகத் தன் படகைக் கவிழ்த்தவள் பெனிட்டாதான்.

காலைக் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் கறுத்த கோடு கரைந்துபோயிற்று. அலையும் அடங்கிவிட்டது. நடுப்பகலில் ஒரு மீன்படகு கால்வாயைக் கடந்து போனது. அதில் ஒருவன் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

தமயந்தி வந்தபோது பெனிட்டா நிழலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“குருவே.”

“என்னக்கா, உங்க கண்ணு சிவந்திருக்கு? உரிக்கறது நான்.”

“படகு கவிழ்ந்து கிடக்கு. இருந்தாலும் ஒண்ணு கேட்கணும்.”

“கேளுங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ள.”

“காலையில நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

பெனிட்டா கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தாள்.

“போலாம்னு சொல்லியிருப்பேன்.”

தமயந்தி மணலில் உட்கார்ந்தாள்.

“அப்போ ஏன் சும்மா இருந்தீங்க? முதல் ஆளா வேற படகைக் கவிழ்த்தீங்க.”

“நீங்க இல்லைன்னீங்க. கவிழ்த்தேன்.”

“வயசானவ மனசு நோகுமேன்னு பார்த்தீங்களா?”

“உங்க வயசுக்குப் பயந்தவளா நான்? முதல் மாசம் உங்களை எத்தனை தடவை தலைகீழாத் தண்ணிக்குள்ள தள்ளினேன்? எவ்வளவு உப்புத்தண்ணி குடிச்சீங்க?”

“ஒரு உப்பளம்.”

பெனிட்டா சிரித்தாள். தமயந்திக்குச் சிரிப்பு வரவில்லை.

“பார்த்துட்டீங்க இல்ல? நான் தோத்துட்டேன். அடுத்த குழு எனக்குக் கிடையாது. அதைச் சொல்லிடுங்க, குருவே. காத்திருக்க முடியலை.”

“இந்தாங்க கத்தி. மிச்சத்தை நீங்க உரிங்க. நான் என் கதையைச் சொல்றேன்.”

தமயந்தி கத்தியை வாங்கிக்கொண்டாள்.

“என் குருவும் ஒரு நாள் என்னை இப்படித்தான் ஒரு கால்வாய்க்கிட்ட நிறுத்தி, சொல்லுன்னார். தூரத்துல கறுத்த கோடு. காத்தில்லாம உடையற அலை. நான் போலாம்னேன். போனோம். கடல் குளம் மாதிரி இருந்தது. கரைக்கு வந்ததும் என்னைத் தோள்ல தூக்காத குறைதான். அவ்வளவு கைதட்டல்.”

“உங்க குரு என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லலை. அடுத்த பருவம் முழுக்க எனக்குக் குழு தரலை.”

“ஏன்? நீங்க சொன்னது சரியாத்தானே போச்சு?”

“அதையேதான் நானும் கத்தினேன். ‘பெனிட்டா, கடல் என்ன சொல்லுச்சுன்னு பார்த்துட்டேன். நீ என்ன சொன்னேன்னு இன்னும் பார்க்கலை’ன்னார்.”

தமயந்தி உரித்த வெங்காயத்தையே மறுபடி உரித்தாள்.

“உங்களுக்கு அது உடனே புரிஞ்சுதா?”

“எங்க? வீட்டுக்குப் போய் அவரை நல்லாத் திட்டினேன்.”

மறுநாள் விடிந்தது.

தென்மேற்கே அதே இடத்தில் கறுத்த கோடு. பாறைத்திட்டில் அதே அலை. கரைக்கும் அடிவானத்துக்கும் நடுவே கடல் அசையாமல் கிடந்தது.

யாரும் யாரையும் எழுப்பவில்லை. அதற்குள் கூடாரங்கள் மடிக்கப்பட்டு, பைகள் படகுகளில் ஏறியிருந்தன. சபாபதி லைஃப் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டு, துடுப்பை வேல்போலப் பிடித்து நின்றார்.

“தமயந்தியம்மா, இன்னிக்காவது உங்க வாயிலிருந்து நல்ல வார்த்தை வரட்டும்.”

தமயந்தி அலையோரம் நடந்தாள். பெனிட்டா பக்கத்தில் வந்து நின்றாள்.

“அதே கோடு,” என்றாள் தமயந்தி.

“ம்.”

“அதே அலை. நேத்து ஒண்ணுமே ஆகலை.”

“ஆகலை.”

“போலாம்னுதான் வாயில வருது. ஆனா கடலைப் பார்த்து வரலை. அவங்க முகத்தைப் பார்த்து வருது.”

ஒரு அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போயிற்று.

“இன்னிக்கும் இல்லைன்னு சொல்லி, இன்னிக்கும் கடல் இப்படியே கிடந்தா?”

“போலாம்னு நீங்க தப்பாச் சொன்னா நான் தடுப்பேன்க்கா,” என்றாள் பெனிட்டா. “இல்லைன்னு தப்பாச் சொன்னா, உங்க பக்கத்துல உட்கார்ந்து கஞ்சி குடிப்பேன்.”

தமயந்தி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை, நிதானமாக, கடலைப் பார்த்தாள். கரையேறி எல்லோர் முன்னாலும் போய் நின்றாள்.

“நேத்து நான் சொன்னது தப்பா இருக்கலாம். இன்னிக்குச் சொல்றதும் தப்பா இருக்கலாம். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல என்ன விசேஷம்னு எனக்குத் தெரியும், சபாபதி சார். தெரிஞ்சேதான் சொல்றேன். இன்னிக்கு இல்லை.”

சொல்லிவிட்டு அவள் சபாபதியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை விஷயத்தை உங்களுக்கு யார் சொன்னது?” என்றார் சபாபதி.

“நீங்கதான். தாழம்புதருக்கு அந்தப் பக்கம் நான் நின்னுட்டிருந்தேன்.”

“காதுகுத்து?”

“அதுவும் கேட்டுச்சு.”

கௌசல்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சபாபதி சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தார். தமயந்தியைப் பார்த்தார். துடுப்பை மணலில் குத்தி நிறுத்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கரையோரமாக வடக்கே நடந்தார்.

“சார்,” என்று தமயந்தி கூப்பிட்டாள்.

“விடுங்க, தமயந்தி,” என்றாள் கௌசல்யா. “கோபம் வந்தா நடப்பார். வீட்டுல மொட்டை மாடி, இங்க தீவு. சுத்திட்டு வரட்டும்.”

பெனிட்டா போய்த் தன் படகிலிருந்து பைகளை இறக்கத் தொடங்கினாள். ஒவ்வொருவராக அவரவர் படகுக்குப் போனார்கள்.

தீவின் வடக்கு முனையில் ஒரு பாறை இருந்தது. அதன் உச்சியில் நின்றால் சில சமயம் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். சபாபதி லைஃப் ஜாக்கெட்டோடு, கையை ஊன்றி ஊன்றி அதில் ஏறினார். போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் திரும்பினார். பிறகு மகளை அழைத்துக் காதில் வைத்தார். காற்றில்லாததால் அவர் குரல் கரைவரை கேட்டது.

“ஆமாம்மா. ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு அவங்ககிட்டப் பக்குவமாச் சொல்லிடு. அடுத்த வாரம் வரட்டும்… இல்லடா, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லை. அம்மாவுக்கும் ஒண்ணும் இல்லை… கடலா? கடல் நல்லாத்தான் இருக்கு. எங்க தமயந்தியம்மா வேண்டாம்னுட்டாங்க.”

போனைப் பையில் போட்டுக்கொண்டு, பாறையின் மேலேயே உட்கார்ந்து, அவர் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினார்.