பாழுங்கிணற்றுக் கல்

மாசிலாமணி அணு உலைப் பொறியாளர். வயதில் தம் குருவைவிட மூத்தவர். மடத்துக்கு வந்தால் செருப்போடு பதவியையும் வாசலில் கழற்றிவிடுவார். அன்று பதவியும் கூடவே உள்ளே வந்துவிட்டது.

"அணுக்கழிவைப் புதைக்க இடம் பார்த்திருக்கோம்மா. பாதுகாப்பான இடம்தான்னு நான் கையெழுத்துப் போடணும்."

"போட வேண்டியதுதானே?" என்றார் குரு சிவகாமி.

"பாறை நல்ல பாறை. பெட்டியும் கெட்டி. ஆனா பத்தாயிரம் வருஷத்துக்கு விஷம் அடங்காது. அதுவரைக்கும் யாரும் அங்கே தோண்டிடக் கூடாது."

"அதுக்கு என்ன வழி?"

"எச்சரிக்கைக் கல் நடுவோம்."

மடத்துக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு இருந்தது. அதன் கரை சரிந்துகொண்டே வந்தது. சிவகாமி அதைக் காட்டினார்.

"முதல்ல இங்கே ஒண்ணு நடுங்க. ஆடி கழிஞ்சு வாங்க."

மாசிலாமணி எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. கருங்கல்லில், 'ஆபத்து, கிட்டே வராதீர்கள்' என்று பெரிதாக வெட்டவைத்தார். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒரு மண்டை ஓடு, அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்பு.

ஆடி கழிந்து வந்தார். கல்லுக்கு அரளி மாலை போட்டிருந்தது. மண்டை ஓட்டின் நெற்றியில் சந்தனம். முன்னால் ஒரு கட்டுச் சுருட்டு. கிணற்றின் விளிம்பை ஒட்டி, கைக்குழந்தையோடு ஒரு பெண் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணி கிட்டே ஓடினார்.

"ஏம்மா, இதுல எழுதியிருக்கிறதைப் படிக்கலையா?"

"படிச்சேன் சார். கிட்ட வரக்கூடாதுன்னு போட்டிருக்குன்னா எம்புட்டுத் துடியான சாமி! சுடலைமாடன்லா இது. பிள்ளைக்குக் காய்ச்சல் விடமாட்டேங்குது, அதான் வந்தேன்."

"சாமி இல்லம்மா. நான் நட்ட கல்லு."

"நீங்கதானா சார் அது?" என்றவள் பிள்ளையோடு அவர் காலில் விழுந்தாள்.

பக்கத்து வேப்பமரத்தடியிலிருந்து சிவகாமி எழுந்து வந்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் தூக்கி, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ தாயி" என்று பாதைவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினார்.

மாசிலாமணி கல்லில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் தெளிவா எழுதியிருக்கணுமோ அம்மா?"

"எழுத்துல ஒரு குறையும் இல்லை."

சிவகாமி மறுபடியும் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

"கல்லு நட்ட நாள்லேர்ந்து நான் இங்கேதான் இருக்கேன். வர்றவங்களைக் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் விட்டுட்டு வர்றேன். அங்கே, பத்தாயிரம் வருஷம், யாரு உட்காருவா?"