ஏழு மொச்சை, ஆறு புளியங்கொட்டை

தலைமை அலுத்துப்போய் குரு ஒருநாள் விலகிக்கொண்டார். மடத்தில் சீடர்கள் பதின்மூன்று பேர். யாருக்கு ஏழு பேர் ஆதரவோ அவரே அடுத்த தலைவர் என்று எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள். போட்டியிட்டவர்கள் இருவர்; ஏகாம்பரம் வேண்டும் என்பவர் பானையில் ஒரு மொச்சை போட வேண்டும், தில்லைநாயகம் வேண்டும் என்பவர் ஒரு புளியங்கொட்டை. பானையைக் கவிழ்த்தபோது மொச்சை ஏழு, புளியங்கொட்டை ஆறு. ஏழில் ஒன்று ஏகாம்பரம் தனக்கே போட்டுக்கொண்டது.

மறுநாள் அவர் எல்லோரையும் குளத்தைத் தூர்வாரக் கூப்பிட்டார். வெயில் ஏறுவதற்குள்ளேயே ஆள் ஓய்ந்துபோய்க் குருவிடம் வந்து உட்கார்ந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்த ஆறு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றார் ஏகாம்பரம். காலையில் குளக்கரைக்குப் போனால், 'பாதித் தலைவர் வர்றார், பாதிப் பேர் எழுந்து நில்லுங்க' என்றானாம் ஒருவன். மொச்சை போட்டவர்களும் சேர்ந்து சிரித்தார்களாம்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கான்" என்றார் குரு.

"அவங்களை வேற மடம் பார்த்துக்கச் சொல்லிடலாம்னு இருக்கேன் சாமி. என்னால முடியல."

"அனுப்பிடு. ஏழு பேர் இருப்பீங்க. அடுத்த பேச்சுல நாலு பேர் ஒரு பக்கம், மூணு பேர் ஒரு பக்கம்னு நிப்பீங்க. அந்த மூணு பேரையும் அனுப்பிடு."

"அப்படியே போனா கடைசியில நான் ஒருத்தன்தான் மிச்சம்."

"அப்பவும் ஏகமனதா இருக்கும்னு சொல்ல முடியாது."

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு போதும் என்று வைத்ததே தப்பு, பத்துப் பேராவது வேண்டும் என்று வைத்திருந்தால் இந்தப் பேச்சு வந்திருக்காது என்று முனகினார்.

"பத்துன்னா நீயும் ஜெயிச்சிருக்க மாட்டே, அவனும் ஜெயிச்சிருக்க மாட்டான். நானே உட்கார்ந்திருக்கணும். வேண்டாம்ப்பா."

குரு அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

"தில்லைநாயகம் எங்கே?" என்றார் குரு.

"குளத்துலதான். இடுப்பளவு சேத்துல நிக்கிறான்."

"நீ கூப்பிட்டதும் வந்தானா?"

"வந்தான். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு."

"மத்த அஞ்சு பேரு?"

"அவங்களும்தான்."

குரு முற்றிய தண்டு ஒன்றைக் கிள்ளி ஒதுக்கினார்.

"உன்னை வேணும்னு சொன்னவங்க ஏழு பேர். அதுல ஒருத்தன் நீ. உன்னைத் தலைவன் ஆக்கினது, வேண்டாம்னு சொல்லிட்டு வந்து சேத்துல நிக்கிற அந்த ஆறு பேர்."