கோணக்கொம்பிக்கு ஒரு வரவேற்பு

தென்காசியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அங்கே சீனியர் புரோகிராமர் தீனதயாளன் சார் வைத்ததுதான் சட்டம். புதிதாகச் சேர்ந்த இசக்கிமதியை அன்று முதலாளியம்மா முன்னாலேயே ஒரு பிடி பிடித்தார்.

"நெட்ல புரோகிராம் எழுத வழி சொல்ற டாக்குமென்டேஷன்ல இருக்கிற எக்ஸாம்பிளைப் பாத்துப் பாத்தே கத்துக்கிட்டாளாம்! இனிமே எதையும் பாக்காம எழுதணும். முடியலைன்னா இன்னைக்கே வீட்டுக்குக் கிளம்பு."

"சரி சார். நீங்க பாக்காம எழுதினதை ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. அதே மாதிரி எழுதிடுறேன்."

"பாரு! ஒவ்வொரு வரியும் என் சொந்த மூளை" என்று லாட்ஜ் ஒன்றுக்காக எழுதிய புரோகிராமை ஓட்டினார்.

பெரிய திரையில் பளிச்சென்று வந்தது: "வருக வருக, கோணக்கொம்பி!"

"இது யாரு?" என்றார் முதலாளியம்மா.

"அது... லாட்ஜோட பழைய கஸ்டமர் மேடம்."

"ஐயோ, எங்க வீட்டு ஆடு மேடம்!" இசக்கிமதி துள்ளிக் குதித்தாள். "அந்த டாக்குமென்டேஷனுக்கு யாரு வேணும்னாலும் எக்ஸாம்பிள் எழுதி அனுப்பலாம். போன மாசம் எங்க ஆட்டுப் பேரை வச்சு ஒண்ணு அனுப்பினேன். சேத்துட்டாங்க!"

முதலாளியம்மா சிரித்த சிரிப்பிலேயே அவள் வேலை நிலைத்துவிட்டது. சார் மட்டும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இசக்கிமதி பணிவாகச் சொன்னாள்: "பாத்து எழுதுறது தப்பே இல்ல சார். ஆட்டுப் பேரை மட்டும் மாத்திருங்க."