பானெட்டில் ஒரு கை

மெழுகுப் பாலீஷ் காய்ந்ததும், பூபாலனின் கறுப்புக் கார் பானெட்டில் வெள்ளையாக ஒரு கைத்தடம் தெரிந்தது. சர்வீஸ் ஸ்டேஷன் ஜெகதா துணியால் துடைத்தாள். மெஷின் போட்டும் எடுத்தாள். பளபளப்பு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடமும் திரும்பி வந்தது.

“உன் கைதான் அது. துடைச்சு எடு, இல்லேன்னா இன்னியோட உனக்கு வேலை கிடையாது” என்று கத்தினார் முன்னாள் சேர்மன் பூபாலன். முதலாளியும் தலையாட்டினார்.

ஜெகதா தடத்தின் மேல் கையை வைத்தாள். தடம் அவள் கையைவிடச் சிறியது; வேறு யாரோ ஒரு பெண்ணின் கை. உச்சி வெயிலிலும் பானெட் ஜில்லென்று இருந்தது.

“இது ஆம்பளைக் கைங்க ஐயா” என்றாள் நிதானமாக. “எவனோ குடிகாரன் வந்து விழுந்திருக்கான்.”

“ஆம்பளை எங்கடி வந்தான்? அவ ஒருத்திதானே ரோட்டைத் தாண்டினா!”

தன் ஜீப்புக்காகக் காத்திருந்த இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

“எந்த ரோடுங்க, சேர்மன்?”