பூதம் செத்த பிறகு

"அவளை எழுப்பிக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

மலை உச்சிக் குகை வாசலில் வந்து விழுந்ததும் கொற்றன் கேட்டது இதைத்தான். மூச்சு இரைத்தது.

குவளை அவன் மனைவி. மலையடிவாரத்தில் ஒரு புங்க மரத்தடியில் செத்துக் கிடந்தாள்.

இவர்களுடைய முதல் கதை ஊருக்கே தெரியும். கொற்றன் பூதத்தைக் கொன்றான், அது சிறைவைத்திருந்த குவளையை மீட்டான், மாலை மாற்றிக்கொண்டான். கதை சொல்கிறவர்கள் அதோடு சுபம் என்று எழுந்து சாப்பிடப் போய்விடுவார்கள். கல்யாணத்துக்கு மறுநாளும் பொழுது விடியுமே என்கிற நினைப்பே கிடையாது. மிச்சத்தை நான்தான் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

குகைக்குள் ஒரு பெண் காவி அரைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் நல்லினி.

நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

"வாங்கண்ணே. உட்காருங்க."

"ஆத்தா எங்கே?"

ஆத்தா என்றால் இந்த மலையின் மந்திரக்காரி. பூதத்தைக் கொல்லும் மந்திரத்தைக் கொற்றனுக்குச் சொல்லிக்கொடுத்த குரு.

"அம்மா செத்துப் பதினாறு வருஷமாச்சு. இப்ப அவங்க இடத்துல நான்தான்."

"என்னம்மா விளையாடறீங்க? போன மாசம்தான் அவங்க காலில விழுந்து எழுந்தேன்."

நல்லினி காவிக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கீழே என்ன நடந்துச்சு, சொல்லுங்க," என்றாள்.

"கல்யாணமாகிப் பதினோரு நாள்தான் ஆகுது. பூதம் ஒழிஞ்சா மலைக்குப் பொங்கல் வைக்கிறதா வேண்டியிருந்தோம். நேத்து வந்து சேர்றதுக்குள்ள இருட்டிப்போச்சு. மரத்தடியிலேயே படுத்துட்டோம். என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கினா. விடிஞ்சு பாக்கறேன், அந்தக் கை சில்லுன்னு இருக்கு."

அழுதான். அவன் அழுது முடிக்கட்டும் என்று நல்லினி விட்டுவிட்டாள்.

"ஒரே ராத்திரியில அவ தலை பூரா நரைச்சிடுச்சும்மா. முகமெல்லாம் சுருங்கிப்போச்சு. பூதம் சாகிறப்ப ஏதோ சாபம் விட்டிருக்கு."

"சாபமில்லண்ணே. வயசு."

கொற்றனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"யாருக்கு வயசு? அவளுக்கு இருபது. எனக்கு இருபத்திநாலு. நீங்க என்னைவிடப் பெரியவங்க, என்னைப் போய் அண்ணேங்கறீங்க!"

"படி ஏறும்போது மூட்டு வலிச்சுதா?"

"படியெல்லாம் கூடிப்போயிருக்கு. அன்னிக்குப் பூதத்தோட தலையைத் தோள்ல போட்டுக்கிட்டே ஏறினேன். இன்னிக்கு ஏழு இடத்துல உட்கார்ந்துட்டேன்."

"படி அதேதான்."

அகலமான தண்ணீர்ச் சட்டி ஒன்றை அவன் பக்கம் நகர்த்தினாள். தண்ணீர் ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

கொற்றன் குனிந்தான்.

சட்டிக்குள் ஒரு கிழவன் இருந்தான். கொற்றனின் அப்பா சாயல்.

"யாரு இது?" என்று கேட்டான், பாவம்.

நல்லினி எழுந்து குகையின் பின்சுவரைக் காட்டினாள்.

தரையிலிருந்து கை எட்டும் உயரம்வரை காவி அச்சுகள். இந்த மலையில் மந்திரம் வாங்குகிறவர் சுவரில் கையைப் பதித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அது இங்கே வழக்கம். ஒரு பெரிய கை, ஒரு சின்னக் கை. மறுபடி பெரிய கை, சின்னக் கை. சுவர் பூராவும் அந்த இரண்டே கைகள்தான்.

பெரிய கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

கொற்றன் தன் சுண்டுவிரலைப் பார்த்தான். மேல்பாதியைப் பூதம் கடித்துத் தின்றிருந்தது. ஒரு அச்சின்மேல் கையை வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

"சுவர் நிறைஞ்சா சுண்ணாம்பு அடிச்சிடுவேன்," என்றாள் நல்லினி. "இது நாப்பத்தோராவது பூச்சு."

"எனக்கு ஒண்ணுமே புரியலம்மா."

"எழுப்புற மந்திரம் ஒண்ணு இருக்கு. செத்த மறுநாள், சூரியன் மறையறதுக்குள்ள, பக்கத்துல உட்கார்ந்து சொல்லணும். சொல்றவங்க உயிர் போயிடும். அது செத்தவங்களுக்குச் சேரும். முதல் தடவை பாம்பு கடிச்சு அவங்க செத்தாங்க. நீங்க மேல வந்து மந்திரத்தை வாங்கிட்டுப் போனீங்க. சொன்னீங்க, செத்தீங்க. விடிஞ்சதும் அவங்க எழுந்தாங்க. பக்கத்துல நீங்க பொணமாக் கிடக்கறீங்க. சும்மா இருப்பாங்களா? அவங்க மேல வந்தாங்க."

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லையே."

"மந்திரம் உயிரைத்தான் திருப்பித் தரும். நாளைத் தராது. எழுந்தா, அந்த முதல் ராத்திரி வரைக்கும்தான் நினைவிருக்கும். முப்பத்திநாலு வருஷமா ஒரு நாள் நீங்க வர்றீங்க, மறுநாள் அவங்க வர்றாங்க. முதல் தடவை நீங்க வந்தப்ப நான் இந்தக் குகையில தொட்டில்ல கிடந்தேனாம்."

கொற்றன் சுவரைப் பார்த்தபடியே தரையில் உட்கார்ந்தான்.

"அப்ப நானும் அவளும்..."

"பதினோரு நாள்தான் அண்ணே வாழ்ந்தீங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாள்கூட முழிச்சிருக்கல."

"ஊர்ல யாரும் தேடலையா?"

"உங்க கதையை இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்காங்க. ரெண்டு பேரும் எங்கேயோ தூர தேசத்துல பிள்ளை குட்டிகளோட சௌக்கியமா இருக்கறதா."

இதற்கு அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. ஆண்பிள்ளை அப்படி வாய்விட்டு அழுது நான் கேள்விப்பட்டதில்லை. தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். நெற்றியில் காவி ஒட்டியது. அவனுக்கு இருபத்திநாலு வயதில் வந்த துக்கத்தை ஐம்பத்தெட்டு வயது உடம்பு தாங்க வேண்டியிருந்தது.

நல்லினி ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி முன்னால் வைத்தாள்.

"குடிங்க. நீங்க குடிக்க மாட்டீங்க, தெரியும். இருந்தாலும் வைக்கிறேன்."

குடிக்கவில்லை.

"நீங்க எதுவும் செஞ்சு பாக்கலையா? தினமும் பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"ஒரு நாள் காவி அரைக்காமப் பாத்தேன். அடுப்புக் கரியைத் தொட்டுக் கை வெச்சுட்டுப் போனீங்க. ஒரு நாள் படியிலேயே மறிச்சேன். அவங்க என்னைத் தள்ளிவிட்டுட்டு வந்து மந்திரம் கேட்டாங்க. கேட்டா நான் சொல்லித்தான் ஆகணும். இங்க உட்கார்றவளுக்கு அதுதான் கட்டளை. எனக்கும் அலுத்துப்போச்சு அண்ணே. செத்துப்போகலாம் போல இருக்கு."

பிறகு அவன் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஒரே ஒரு தடவை, கேட்காம இறங்கிப் போங்க."

"போய்?"

"அவங்களைப் புதைங்க. அழுங்க. ஊருக்கு நடங்க. நாளைக்கு விடிஞ்சா, இன்னிக்கு அழுதது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்."

"எனக்காக உயிரை விட்டிருக்கா. நான் மண்ணைத் தள்ளி மூடிட்டு ஊருக்குப் போய்ச் சோறு தின்னணுமா?"

"ஆமாண்ணே."

"என்னால முடியாது."

"முடியாதுன்னுதான் தினமும் சொல்றீங்க."

வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. கொற்றன் அதைப் பார்த்தான். இறங்க எத்தனை நேரமாகும் என்று அவன் முழங்கால்களுக்கு இப்போது தெரிந்திருந்தது.

"இதையெல்லாம் நேத்து அவகிட்டச் சொன்னியா?"

அதுவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் தன்னைவிடச் சின்னவள் என்பது இப்போதுதான் உறைத்தது போல.

"ஒண்ணுவிடாமச் சொன்னேன்."

"தெரிஞ்சுமா கேட்டா?"

"தெரிஞ்சுதான் கேட்டாங்க."

கொற்றன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லு," என்றான்.

நல்லினி கண்ணை மூடிக்கொண்டு அவன் காதில் சொன்னாள். ஒரே வரி. அவன் காவியில் கையை முக்கினான். ஈரம் முழுதும் காயாத சின்னக் கை ஒன்று சுவரில் இருந்தது. அதன் பக்கத்தில் தன் கையைப் பதித்தான்.

நாலு படி இறங்கியவன் திரும்பி ஏறி வந்தான். கை கூப்பினான்.

"தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும். நாளைக்கு அவ வந்து கேட்டாச் சொல்லிடாதே. கத்துவா, அடிப்பா, பொறுத்துக்க. அவளாவது எங்கேயாவது உயிரோட கிடக்கட்டும்."

"நேத்து அவங்களும் போகும்போது திரும்பி வந்தாங்க அண்ணே. இதையேதான் சொன்னாங்க. அவர் வந்து கேட்டாச் சொல்லிடாதே, அவராவது பிழைச்சுக் கிடக்கட்டும்னு என் காலில விழுந்தாங்க."

கொற்றன் கூப்பிய கையை இறக்கினான்.

"பாவி! அப்புறம் ஏன் எனக்குச் சொன்னே?"

"நீங்க கேட்டீங்களே, அண்ணே."