பச்சைப் புள்ளி வைத்த போல்ட்

சிந்தாமணியின் இன்ஜின் பட்டறைக்கும் என் லேத் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் இந்தக் கதையில் பாதி நான் பார்த்தது, பாதி கேட்டது. அதற்கு மேலும் மிச்சம் இருந்தால் அது சென்னியப்பன் அண்ணன் டீக்கடையில் என்னிடம் சொன்னது.

சிந்தாமணிக்கு என் தங்கச்சி வயசு. அதனால் அவள் இவள் என்றுதான் சொல்வேன். ஆனால் கோயமுத்தூரில் பந்தய வண்டி இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்பது என் கட்சி. இல்லை என்கிறவர்கள் வேலை எடுத்துக்கொண்டு என் லேத்துக்கு வர வேண்டாம்.

சென்னியப்பன் அண்ணன் அவளைவிட மூத்தவர். சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்து, காலம் பூராவும் டீசல் இன்ஜினோடு மல்லுக்கட்டியவர். ஒரு நாள் திடீரென்று குடும்பத்தோடு கோயமுத்தூருக்கே வந்து, "அம்மிணி, எனக்கு இந்த வேலையைக் கத்துக் குடுங்க" என்று நின்றார். அவருடைய கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "பேரன் எடுக்கற வயசுல பொம்பளைகிட்டப் போய்ப் பாடம் படிக்கிறானாமா" என்றார்களாம். அதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தார், அவ்வளவுதான். வலிக்காமலா இருக்கும்?

அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மிணி என்பார். வெளியாள் யாராவது வந்தால் நேராக அவரிடம் போய்த்தான் முதலாளி என்று கும்பிடுவான். அவர் பதறிப்போய் அவளைக் கைகாட்டுவார்.

ஜெயவேலன் என்று ஒருத்தர். மோட்டார் பம்பு கம்பெனிக்காரர். அவருடைய மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் ஒரு நாள் லாரி மேல் ஏறி வந்தது. ரெண்டே சீட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். ஆயில் குறைந்தது தெரியாமல் விரட்டியதில் உள்ளே பேரிங் உருகி கிராங்க் தண்டைப் பிடித்துவிட்டது. அந்தக் கிராங்க்குக்கு நான்தான் கிரைண்டிங் போட்டுக் கொடுத்தேன். புது பிஸ்டனும் பேரிங்கும் கடல் தாண்டி வந்து சேர மாசக்கணக்கில் ஆனது.

எல்லாம் வந்து சேர்ந்த அன்றைக்கு சிந்தாமணி சொன்னாள்.

"அண்ணா, இந்த இன்ஜினை நீங்களே பூட்டுங்க."

"நானுங்களா?"

"பின்ன, பக்கத்து லேத்துக்காரரா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறைக்கு வந்ததிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தார்.

ஜெயவேலனும் தோளில் தட்டிச் சொன்னார். "இது நல்லா ஓடட்டும் சென்னியப்பன். என் மத்த வண்டி ரெண்டும் இனி உங்க கைக்குத்தான்." வரும் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் டிராக்கில் அதை ஓட்டப் போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் மட்டும் சும்மா இருப்பாரா? சங்ககிரிக்குப் போன் போட்டுவிட்டார். சிரித்த கூட்டாளிகள் எல்லாம் வேன் பிடித்து டிராக்குக்கு வருவதாக ஏற்பாடு.

சிந்தாமணி பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினுக்கு உள்ளே போகிற போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது ரெண்டு பேர் இருக்க வேண்டும். ஒருத்தர் டார்க் ரெஞ்ச் பிடிப்பார். சரியான அளவுக்கு இறுகினதும் அது 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவர் அந்தப் போல்ட்டின் தலையில் பச்சைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பார். இறுக்குகிறவர் கையில் பிரஷ் இருக்கவே கூடாது.

பிஸ்டனைக் கிராங்க்கோடு சேர்க்கிற ராடு போல்ட்டுகளை இறுக்க வேண்டிய நாளில் சிந்தாமணிக்கு அவசரமாக வெளியே ஒரு வேலை. "நான் வர்ற வரைக்கும் விட்டு வைங்கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அண்ணனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. லாரிப் பட்டறையில் தனியாளாகச் செய்தே பழகிய கை. ரெஞ்சை ஒரு கையிலும் பிரஷை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை. ராடுக்கு ரெண்டு போல்ட் என்று ஜோடி ஜோடியாகப் புள்ளியை முதலில் வைத்துவிட்டு அப்புறம் இறுக்கினார். பிரஷை அடிக்கடி எடுத்து வைக்கிற வேலை மிச்சமாம்!

நடுவில் ஜெயவேலன் வந்து நின்றார். இது என்ன, அது எதுக்கு என்று கேட்டார். அண்ணன் பெருமை தாங்காமல் ஒவ்வொன்றாக விளக்கினார். அவரை வாசல் வரைக்கும் போய் அனுப்பிவிட்டுத் திரும்ப வந்து மீதியை இறுக்கி முடித்தார்.

சிந்தாமணி வந்து பார்த்தபோது எல்லாத் தலையிலும் பச்சைப் புள்ளி இருந்தது.

"ஆச்சுங்களாண்ணா?"

"ஆச்சுங்க அம்மிணி."

புள்ளி வைத்தது யார் என்றுகூடக் கேட்காமல் "மூடிருங்க" என்றாள்.

வியாழக்கிழமை இன்ஜின் வண்டிக்குள் உட்கார்ந்தது. சாவியைத் திருப்பினதும் ஒரே திருப்பில் எடுத்தது. அடடா, அந்தச் சத்தம்! என் லேத்தை நிறுத்திவிட்டு நான் ஓடினேன். ஜெயவேலன் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் தன் டிவிஎஸ்ஸில் வரும்போது லட்சுமி மில் சிக்னலில் நின்றார். அங்கேதான் அது மண்டைக்குள் வந்தது. ஜெயவேலன் வந்து நின்றபோது ஒரு ஜோடிக்குப் புள்ளி வைத்திருந்தார். அதில் ஒன்றை இறுக்கினார். இன்னொன்றை? திரும்ப வந்தபோது ரெண்டிலும் பச்சை இருந்தது. பச்சையைப் பார்த்து அடுத்த ஜோடிக்குப் போனாரா, இல்லை இறுக்கிவிட்டுப் போனாரா? எவ்வளவு யோசித்தும் அந்த 'டிக்' சத்தம் ஞாபகத்துக்கு வரவில்லை.

சிக்னல் விழுந்து பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். "யோவ் பெருசு, கனவா?"

பட்டறைக்கு வந்து வண்டியைக்கூட ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்தார்.

"அம்மிணி, ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்ண்ணா."

"ராடு போல்ட்டு இறுகியிருக்குதான்னு பிரிக்காமப் பார்க்க வழி இருக்குதுங்களா?"

"இந்த வண்டியில இல்லீங்ண்ணா. அடியில ஆயில் தேங்கற பேனைக் கழட்டோணும்னாலே இன்ஜினை வெளிய தூக்கோணும். ஏன்?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிரஷைத் தானே பிடித்தது, புள்ளியை முதலில் வைத்தது, ஒன்றையும் விடவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்து நான் இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவள் திட்டவில்லை.

"இறுகாம இருந்தா என்னாகும்னு உங்களுக்குத் தெரியுமுங்களாண்ணா?"

"தெரியாம என்னுங்க. வேகத்துல கழண்டுக்கும். ராடு இன்ஜின் பிளாக்கை ஓட்டை போட்டுட்டு வெளிய வரும். ஆயில் பூரா டயருக்கு அடியில கொட்டும்."

"அப்ப வண்டி?"

"சுத்திரும்."

அப்புறம் அவரே ஆரம்பித்தார்.

"ஆனா அம்மிணி, அநேகமா இறுக்கியிருப்பேனுங்க. இத்தனை வருசத்துக் கை. அது பாட்டுக்குச் செஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை ஓட்டட்டும். திங்கக்கிழமை தூக்கிப் பார்த்துக்கலாமுங்களா?"

சிந்தாமணி ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போய் அண்ணியை ஏத்திக்குங்க. பொள்ளாச்சி ரோட்டுல நல்லா ஒரு மிதி மிதிச்சுட்டு வாங்க. அவங்களும் இந்த மாதிரி வண்டியில உட்கார்ந்ததில்லை பாருங்க."

அவர் சாவியைப் பார்த்தபடி நின்றார். அண்ணியை எனக்குத் தெரியும். காரில் ஏறச் சொன்னால் புதுச்சேலை கட்டிக்கொண்டு பூ வைத்துக்கொண்டு வரக்கூடிய மனுசி.

அவர் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். மூலைக்குப் போய் இன்ஜின் தூக்குகிற செயின் பிளாக்கை இழுத்து வந்தார்.

"ஜெயவேலன் சாருக்கு யாருங்க சொல்றது?"

"இன்ஜினைப் பூட்டுனது யாருங்ண்ணா?"

அவர்தான் போன் செய்தார். அந்த முனையிலிருந்து வந்த வசவு தகரத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. அப்புறம் சங்ககிரிக்கும் போன் போட்டு, வேன் வேண்டாம் என்று சொன்னார். அங்கே என்ன சொன்னார்களோ, இவர் "சரிப்பா, சிரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. என் வேலையைப் போட்டுவிட்டு நானும் போய்க் கை கொடுத்தேன்.

சனிக்கிழமை மதியம் இன்ஜின் வெளியே வந்தது. ஸ்டாண்டில் கவிழ்த்து ஆயில் பேனைக் கழற்றினோம். உள்ளே பச்சைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. சிந்தாமணி டார்க் ரெஞ்சை அளவு வைத்து அவரிடம் நீட்டினாள்.

சந்தேகப்பட்ட போல்ட்டில் அவர் ரெஞ்சை மாட்டினார். மெதுவாக அழுத்தினார்.

டிக்.

போல்ட் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அடுத்ததில் வைத்தார், அதுவும் டிக். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாமே கச்சிதமாக இருந்தது.

"அட கருமமே!" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாம் சரியாத்தானுங்க இருந்திருக்குது."

"ஆமாங்ண்ணா."

அவருக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "நீங்க எவ்வளவு வேலை தெரிஞ்சவங்க. அன்னைக்கு மூடறதுக்கு முன்னால நீங்களாவது ஒருவாட்டி ரெஞ்சைப் போட்டுப் பார்த்திருக்கலாமில்லீங்களா?"

"நீங்க ஆச்சுன்னு சொன்னீங்கல்ல."

அவர் ரெஞ்சை அவளிடமே நீட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஜெயவேலனின் இன்னொரு கார் வாசலில் வந்து நின்றது. இறங்கும்போதே கேட்டார்.

"என்ன கண்டுபிடிச்சீங்க? உள்ள ஏதாவது லூசா இருந்துச்சா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அண்ணன் இடத்தில் நான் இருந்திருந்தால் புளுகியிருப்பேன். "ஆமாங்க, ஒண்ணு லூசு, உங்க உசுரு தப்பிச்சுதுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை. அந்த மனுசன் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார். சங்ககிரிக்காரன்கள் வாயும் அடைந்திருக்கும். ஜெயவேலன் முதுகுக்குப் பின்னால் நின்று அண்ணனுக்குக் கண்ணைக்கூடக் காட்டினேன். சொல்லித் தொலையுங்களேன் என்று.

அண்ணன் என்னைப் பார்த்தார். அப்புறம் சிந்தாமணியைப் பார்த்தார். அவள் பழைய துணியால் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

அவர் எழுந்து நின்றார்.

"ஒண்ணுமில்லீங்க. எல்லாம் இறுகித்தான் இருந்துச்சு. இறுக்குனேனா இல்லையான்னு எனக்குத்தான் ஞாபகமில்லாமப் போச்சு. இறுக்கறதுக்கு முன்னால புள்ளி வெச்சது என் தப்புங்க."

ஜெயவேலனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒண்ணுமில்லாததுக்கா என் ஞாயித்துக்கிழமையைக் கெடுத்தீங்க? ஊருக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது? ஞாபகமறதிக்காரர் கையிலயா என் வண்டியைக் குடுத்தீங்க சிந்தாமணி?"

"அவருகிட்டக் குடுத்தது நான்தானுங்க. பார்க்காம மூடச் சொன்னதும் நான்தான்."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். இந்த ஆளு இனிமேல் என் வண்டியைத் தொடக் கூடாது. மத்த ரெண்டு வண்டிக்கும் நான் வேற பட்டறை பார்த்துக்கறேன்."

"உங்க இஷ்டமுங்க. ஆனா இந்த இன்ஜினை மட்டும் அவர்தான் மூடுவாரு."

அவர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஆரன் அடித்துக்கொண்டே போனது.

நானும் என் பட்டறைக்குத் திரும்பினேன். அடி வாங்கின ஆளிடம் நின்று என்ன பேசுவது? லேத்தைப் போட மனசு வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் வந்தது.

"அம்மிணி."

"ம்."

"ஒரே ஒரு பொய்யிங்க. அவரு சந்தோஷமாப் போயிருப்பாரு. ரெண்டு வண்டியும் நம்மகிட்டயே வந்திருக்கும். என் பேரும் நின்னிருக்கும். உங்களுக்கு அது தோணலீங்களா?"

"தோணுச்சு."

"எனக்கு ஒரு கண் ஜாடையாவது காட்டியிருக்கலாமில்லீங்களா?"

கழற்றி வைத்திருந்த ஆயில் பேனைத் தரையோடு இழுக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து தடுப்பு மேல் எட்டிப் பார்த்தேன். அவள் அதை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே குத்த வைத்து உட்கார்ந்தாள்.

"அவரு சந்தோஷமாத்தான் போயிருப்பாருங்ண்ணா. அப்புறம் நான் யாரை நம்பி இன்ஜினை மூடறது?"